பழைய ஜாடியை எடைக்குப் போடும் முன்

(குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் போதாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



அடுத்த மாதம் நம் வளாகத்தில் பழைய சாமான் சேகரிப்பு நாள். ஓடாத மிக்ஸி, செத்துப்போன யுபிஎஸ் பேட்டரி, பிள்ளைகள் படித்து முடித்த கைடுகள் எல்லாம் லிஃப்டில் இறங்கப் போகின்றன. அதோடு, லாஃப்டில் வருஷக்கணக்காகக் கிடக்கும் கண்ணாடி ஜாடிகளும் வரும். போன முறை கண்ணாடி மட்டும் மூன்று சாக்கு. அதனால்தான் செயலாளர் என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னார். எனக்குப் பழைய ஜாடி சேர்க்கும் கிறுக்கு உண்டு என்பது என் பால்கனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்களில் பலர் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான்: "இது என்ன விலைக்குப் போகும்?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஜாடிகள் பெரிதாக ஒன்றுக்கும் போகாது. ஒரு சில, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகப் போகும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நல்லது எடைக்குப் போகிறது, ஒன்றுமில்லாதது ஷோகேஸில் ஏறி உட்கார்கிறது.

ஜாடி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்து அடுப்படியில் கண்ணாடிக்குப் பழைய காலத்தில் பெரிய இடமில்லை. மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை எல்லாம் பீங்கான் ஜாடியில்தான் ஊறின. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, வாயில் ஒரு துணிக்கட்டு. இந்த வழக்கம் மிகப் பழையது. வடநாட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்று பெயர். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயர் அது. 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா, இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் உப்பில் போட்டு நிரப்பிய மர்த்தபான் ஜாடிகளைக் கடல் பயணத்துக்காகத் தனக்குக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஊறுகாய் இல்லாமல் ஊர்ப்பயணம் போகாதவர்கள் நாம் மட்டும் இல்லை.

கண்ணாடி நம் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் காலி பாட்டிலாகத்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஹார்லிக்ஸ் வாங்குவார்கள். பொடி தீர்ந்ததும் பாட்டில் அடுப்படிக்குப் போய்விடும். எங்கள் ஊரில், பொள்ளாச்சிப் பக்கம், சீரகம், கடுகு, நெய், உப்பெலுமிச்சை எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டில்தான். பெட்டிக்கடையில் மிட்டாய் இருந்த அகல வாய் ஜாடி இன்னொரு வழி. மூன்றாவது வழி மலையிலிருந்து. ஊட்டி, குன்னூர், வால்பாறை பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஜாம், சட்னி போட்டு வைத்த ஜாடிகள், அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது பட்லர் வழியாகவும் ஏலம் வழியாகவும் கீழே இறங்கின. நாலாவது வழி நம் காலத்தது: அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் சூட்கேஸ்.

இந்த நாலாவதைப் பற்றித்தான் அதிகம் குழப்பம். அதனால் மேசன் ஜாடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, மூடி, கொதிநீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1810-இல் அதைப் புத்தகமாகவே போட்டார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைப் பற்றிச் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அப்பேர் கார்க் வைத்து, கம்பி கட்டி, மெழுகு பூசி மூடினார். இந்த மூடும் தொல்லையைத் தீர்த்தவர் ஜான் லாண்டிஸ் மேசன். பாட்டில் கழுத்திலேயே திருகு மரை வைத்து, துத்தநாக மூடியைத் திருகி மூடும் ஜாடிக்கு 1858 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அந்தத் தேதியை ஜாடி மேலேயே புடைப்பெழுத்தில் போட்டார்கள்.

தொல்லை இங்கேதான். காப்புரிமைக் காலம் 1879-இல் முடிந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அந்த ஜாடியைச் செய்யலாம் என்றாகிவிட்டது. செய்தவர்கள் எல்லோரும் அந்தத் தேதியையும் சேர்த்தே அச்சு வெட்டினார்கள், அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும்கூட. ஆகவே "நவம்பர் 30, 1858" என்று இருப்பதால் அது 1858-ஆம் வருஷத்து ஜாடி இல்லை. நம் ஊர்ப் பாத்திரக்கடைப் பலகையில் "நிறுவப்பட்டது 1935" என்று இருந்தால் உள்ளே இருக்கும் குக்கரும் 1935-ஐச் சேர்ந்தது என்று நினைப்போமா?

பால் என்று சாய்வெழுத்தில் போட்ட ஜாடிகள் உங்களிடம் இருக்கலாம். ஐந்து சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. 1880-களில் ஜாடி செய்ய ஆரம்பித்து, பிறகு இந்தியானா மாநிலத்தின் மன்சி என்ற ஊருக்குப் போனார்கள். அவர்களுடைய வெளிர் நீல ஜாடி பேர் போனது. ஆனால் அது கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருள். அமெரிக்காவிலேயே சாதாரண நீல ஜாடி பத்து டாலருக்கு முன்பின் கிடைக்கும். அபூர்வமான நிறத்தில், அடர்நீலத்திலோ தேன் நிறத்திலோ, உண்மையான பழைய ஜாடி வந்தால்தான் விலை நூறுகளிலும் ஆயிரங்களிலும் பேசப்படும். இன்னொன்று, அதே கம்பெனி நூற்றாண்டு நினைவாக 2013-இல் நீல நிறத்திலும், அடுத்தடுத்த வருஷங்களில் பச்சையிலும் ஊதாவிலும் பழைய மாதிரி ஜாடிகளை மறுபடி வெளியிட்டது. மகள் ஆசையாக வாங்கி வந்த "பழைய" நீல ஜாடி அந்த 2013-ஐச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் ரசப்பொடி போட்டு வையுங்கள், அதற்குத்தான் அது.

அடியில் 13 என்ற எண் இருந்தால் அதிக விலை சொல்வார்கள். 13 ராசியில்லாத எண் என்பதால் பயந்து உடைத்துவிட்டார்களாம், அதனால் அபூர்வமாம். அந்த எண் எந்த அச்சில் வார்த்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. கதைக்குக் காசு கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கில்னர் ஜாடியும் இதே மாதிரிதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருந்த கில்னர் குடும்பத்தின் கம்பெனி 1937-இல் நொடித்துப்போனது, பெயர் கை மாறியது, இன்றும் அதே பெயரில் புது ஜாடி வருகிறது. பெயரைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஜாடி மேலே எழுதியிருப்பதை அல்ல, ஜாடி எப்படிச் செய்யப்பட்டது என்பதை. ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோட்டைத் தேடுங்கள். இரண்டு அரை அச்சுகள் சேரும் இடம் அது. வாயால் ஊதி அச்சில் வார்த்த சாதாரண பாட்டிலில் அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் வாயைத் தனியாகக் கையால் செய்து ஒட்டினார்கள். மெஷினில் செய்த பாட்டிலில் கோடு வாய் விளிம்பு வரை ஏறிவிடும். முழுத் தானியங்கிப் பாட்டில் மெஷினை மைக்கேல் ஓவன்ஸ் கொண்டுவந்தது 1903-இல். அந்த மெஷினில் செய்த ஜாடியின் அடியில், நடுவை விட்டு ஒதுங்கி ஒரு வட்டத் தழும்பு இருக்கும்.

திருகு மூடி ஜாடிக்கு மட்டும் கோட்டை நம்பாதீர்கள். அதில் மரையும் அச்சிலேயே வருவதால், ஊதிச் செய்ததிலும் கோடு மேலே வரைக்கும் போகும். அங்கே வாய் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஊதிய பிறகு மேலே மிஞ்சிய கண்ணாடியை உடைத்து, விளிம்பை அரைத்துச் சமப்படுத்தினார்கள். ஆகவே பழைய ஜாடியின் விளிம்பு சொரசொரவென்று, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். மெஷின் ஜாடியின் விளிம்பு வழுவழுவென்று உருண்டிருக்கும். விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். சில்லு போயிருந்தால் வெட்டிவிடும்.

புத்தகத்திலும் யூடியூபிலும் இருக்கும் இந்த விதிகளெல்லாம் அமெரிக்க ஜாடிக்கு எழுதியவை. நம் நாட்டில் கதை வேறு. 1908-இல் புனே அருகே தளேகாவில் மக்களிடம் ஒவ்வொரு பைசாவாகச் சேர்த்த நிதியில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. 1916-இல் கராட் அருகே ஓகலே சகோதரர்களின் தொழிற்சாலை வந்தது; பிரபாகர் லாந்தர் விளக்கு அவர்களுடையது. பிரோசாபாத்தில் இன்றும் வாயால் ஊதுகிறார்கள். அங்கே மெஷின் வந்த பிறகும் இங்கே கை வேலை பல காலம் தொடர்ந்தது. உள்ளே குமிழி, கொஞ்சம் கோணல், வெளிர் பச்சை நிறம் எல்லாம் இருக்கும் ஓர் இந்திய ஜாடி 1900-ஆகவும் இருக்கலாம், 1960-ஆகவும் இருக்கலாம். கோலி சோடா பாட்டிலும் அப்படியே. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. இங்கிலாந்தில் வழக்கொழிந்து போனாலும் நம் ஊரில் நேற்றுவரை கடையில் இருந்தது. கோலி இருப்பதாலேயே அது பழம்பொருள் ஆகிவிடாது.

நம் ஜாடிகளுக்கு வயது சொல்ல எனக்கு அதிகம் உதவியது எழுத்தும் லேபிளும்தான். கண்ணாடியிலேயே எழுத்துப் புடைத்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அமெரிக்காவின் ரேசின், இங்கிலாந்தின் ஸ்லவ் என்று ஊர்ப்பெயர் இருந்தால், அது 1908-க்குப் பிந்தையது; ஸ்லவ் தொழிற்சாலை அந்த வருஷம்தான் தொடங்கியது. பஞ்சாபில் நாபா தொழிற்சாலை வந்தது 1960 வாக்கில். காகித லேபிளில் அவுன்ஸ், பவுண்டு என்று எடை இருந்தால் மெட்ரிக் முறைக்கு முன்னால், அதாவது ஏறத்தாழ 1960-க்கு முன்னால். எஃப்பிஓ முத்திரை இருந்தால் 1955-க்குப் பிறகு. முகவரியில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969-க்கு முன். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். இப்படி இரண்டு மூன்றை வைத்தாலே பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் வயது சொல்லிவிடலாம். ஆகவே கிழிந்த லேபிளைத் தயவுசெய்து ஊறவைத்துச் சுரண்டாதீர்கள். ஜாடியைவிட லேபிள்தான் அரிது.

கழுவுவதிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜாடி வெள்ளையாகப் பூத்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று நம்ம போர் தண்ணீர் உப்பு. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பாட்டிலுக்கு இந்த நோய் கம்மி. போர் தண்ணீரில் கழுவியதற்கு நிச்சயம் உண்டு. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் கரைந்துவிடும். கரையாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். அது திரும்ப வராது, விலையும் பாதியாகும். சில வியாபாரிகள் உள்ளே லேசாக எண்ணெய் தடவி அந்த மங்கலை மறைப்பார்கள். வாங்கும் முன் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். லேபிள் இல்லாத ஜாடியை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பி நார், டிஷ்வாஷர், கொதிக்கும் தண்ணீர் மூன்றும் கூடாது.

ஊதா நிறக் கண்ணாடி என்று காட்டினால் இன்னும் எச்சரிக்கை. ஒரு காலத்தில் கண்ணாடியின் பச்சை நிறத்தை எடுக்க மாங்கனீசு சேர்த்தார்கள். பல வருஷம் வெயிலில் கிடந்தால் அது வெளிர் ஊதாவாக மாறும், கத்தரிப்பூ தண்ணீரில் கரைந்த மாதிரி. அடர் ஊதாவாக இருந்தால் கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக நிறம் ஏற்றியது என்று சந்தேகப்படுங்கள்.

விலைக்கு வருகிறேன். இணையத்தில் ஒருவர் ஒரு ஜாடிக்கு இருபதாயிரம் என்று போட்டிருந்தால், அது அவருடைய ஆசை. விற்று முடிந்தவை என்ற பிரிவில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் கொச்சி மட்டாஞ்சேரியிலும் சொல்லும் விலையில் கடை வாடகையும் டூரிஸ்ட்டும் சேர்ந்திருக்கும். உக்கடத்தில் அதே பொருள் கேட்பாரற்றுக் கிடக்கும். மூடியும் ஜாடியும் ஜோடியாக இருப்பது, விளிம்பில் சில்லு இல்லாதது, லேபிள் இருப்பது, ஊர்ப்பெயர் புடைத்திருப்பது இந்த நாலும் விலையை ஏற்றும். என் கணக்கில் ஊர்ப்பெயருக்குத்தான் முதல் மார்க். நம் ஜில்லாவின் ஏதோ ஒரு சின்ன சோடா கம்பெனியின் பெயர் பொறித்த பாட்டில், அமெரிக்க நீல ஜாடி பத்தைவிட எனக்குப் பெரிது. அதைத் தேடும் ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து வாங்குபவர்களிடம் ஒரு விஷயம் கவனியுங்கள். குறிப்பாகத் தனியாக இருக்கும் பெரியவர்கள். "அம்மா, இந்தப் பித்தளைக் குடம் ரொம்ப நல்லா இருக்கு, நல்ல விலை தர்றேன், அந்தப் பழைய பாட்டிலையும் சேர்த்துப் போட்ருங்க" என்பார்கள். குடத்துக்கு எடை விலைதான். அவர் மாடி ஏறி வந்ததே அந்தப் பாட்டிலுக்காக இருக்கலாம். மொத்தமாக விலை பேசாதீர்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், "பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று அனுப்பிவிடுங்கள். உண்மையிலேயே வேண்டியவர் மறுபடி வருவார்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கைவினைக்குச் சான்றாக இருக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். பாட்டியின் ஜாடி அவ்வளவு பழையது இல்லை என்றால், தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் நின்று வாதாடுவதைவிட அது சுலபம்.

பழைய ஜாடியில் ஊறுகாய் போடலாமா என்று சி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். சில்லு, விரிசல் இல்லாத கண்ணாடியில் உப்பு, புளிப்பு, எண்ணெய் சேர்ந்த நம் ஊறுகாய் போடுவதில் தப்பில்லை. துத்தநாக மூடி மட்டும் புளிப்பில் படக்கூடாது. ஆனால் மேல்நாட்டு வீடியோ பார்த்து, காய்கறியையோ கறியையோ பழைய ஜாடியில் அடைத்துக் கொதிக்கவைக்க வேண்டாம். பழைய கண்ணாடி சூட்டில் வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, புளிப்பில்லாத உணவில் கொதிநீருக்கும் சாகாத நச்சுக்கிருமி வித்துகள் மிஞ்சும். முறையாகக் கற்க விரும்பினால் மருதமலை ரோட்டில் நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பழம், காய்கறி பதப்படுத்தும் பயிற்சி நடத்துகிறார்கள். வயது தெரியாத பீங்கான் ஜாடியில் மெருகு வெடித்திருந்தால் அதில் புளிப்பு எதுவும் வைக்காதீர்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், நம் பிளாட்டில் இடமில்லை. ஒரே வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் ஊர் சோடா பாட்டில் மட்டும், அல்லது மிட்டாய் ஜாடி மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள்: யாருடையது, எந்த ஊர் வீடு, அதில் என்ன இருந்தது, எந்த வருஷம் உங்கள் கைக்கு வந்தது. "1962, பல்லடம் அத்தை வீடு, நாட்டுச் சர்க்கரை" என்று ஒரு வரி போதும். அந்தச் சீட்டு இல்லாத ஜாடி, நமக்குப் பிறகு வெறும் கண்ணாடிதான். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. மாமியாரும் அம்மாவும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரரிடம் ஒரு ஜாடியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

சேகரிப்பு நாளன்று காலை ஏழு முதல் பத்து வரை கிளப் ஹவுஸ் வாசலில் தனியாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியையும் பீங்கானையும் சாக்கில் கொட்டாமல் அங்கே கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்வேன், விலைக்கு வாங்க மாட்டேன், விற்றுத் தரவும் மாட்டேன். மூடி தனியாகக் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஜாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரும்போது லேபிள் இருக்கும் பக்கம் மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.